கொல்லிமலைக்கு எந்த ஷூ?

ஆகாயகங்கைக்கு இறங்கப் போறீங்களா? ஆயிரத்துக்கும் மேல படி. மேலே காய்ஞ்ச கல்லு, கீழே போகப் போக ஈரம், பாசி, அருவிகிட்ட வழுக்குப் பாறை. எல்லாத்துக்கும் பொருந்துற ஷூ கிடையாது. இறக்கத்துக்கும் ஈரத்துக்கும் பார்த்து வாங்குங்க, இதுதான் என் கட்சி.

இறங்கும்போது பாதம் முன்னால சரியும். விரல் நுனிக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இல்லேன்னா நகத்துக்கடியில ரத்தம் கட்டும். கடைக்குச் சாயங்காலம் போங்க. பாதம் லேசா வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி.

வாட்டர்ப்ரூஃப்னு கூடுதல் காசு வேண்டாம். மேல்வழியா புகுந்த தண்ணி வெளியே வராது. வலைத்துணி ஷூ, அடியில ஆழமான வரி, மென்மையான ரப்பர் போதும்.

சர்க்கரை இருக்கிறவங்க கவனிங்க: உணர்ச்சி குறைஞ்ச பாதத்துல கொப்புளம் வந்தாலும் வலிக்காது. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுட்டு வெறுங்காலோட இறங்காதீங்க, சாமி கோச்சுக்க மாட்டார். புது ஷூவை ரெண்டு வாரம் ஊர்லயே போட்டுப் பழக்குங்க. மேலே ஏறி வந்ததும் கழட்டி, உள்ளங்காலைப் பாருங்க.