பழந்துணிக் குவியலும் பச்சைப்பயறும்



அண்மையில் ஒரு படம் புலனக் குழுக்களில் வலம் வந்தது. மாபெரும் கூடம் ஒன்றில் மலைபோல் குவிந்து கிடக்கும் பழந்துணி. அதன் மேலே தொங்கும் ஒரு பாரந்தூக்கி. "இதற்குப் பெயர் கலையாம்!" என்று ஒருவர் எழுத, அடுத்தடுத்துச் சிரிப்புக் குறிகள் வந்து விழுந்தன. "என் மகனின் அறையே ஒரு கண்காட்சிதான்" என்றார் ஒரு பெற்றோர். சிரித்தவர்களுள் நம் ஆசிரியர்களும் இருந்தனர். அந்தச் சிரிப்பை மறுப்பதற்கே இதனை எழுதுகிறேன்.

நான் பாரிசுக்குச் சென்றவனல்லன். படங்களையும் காணொளிகளையும் கொண்டே பேசுகிறேன். ஆயினும், சிரிப்பதற்கு முன் அது என்ன என்று கேட்பதற்குப் பயணச்சீட்டு தேவையில்லையே!

அந்தப் படைப்பு கிறித்தியான் போல்தான்ஸ்கி என்ற பிரெஞ்சுக் கலைஞருடையது. 2010ஆம் ஆண்டு தொடக்கத்தில் பாரிசின் கிராண் பலே மண்டபத்தில் அது வைக்கப்பட்டது. யார் யாரோ உடுத்திக் கழித்த துணிகள் தரையெங்கும் செவ்வகம் செவ்வகமாக விரிக்கப்பட்டிருந்தன. ஒருபுறம் பெருங்குவியலாகவும் கிடந்தன. பாரந்தூக்கியின் இரும்புக் கை இறங்கி வந்து கையில் அகப்பட்ட துணிகளை அள்ளும். மேலே போய் மீண்டும் கீழே போடும். எதை எடுப்பது, எதை விடுவது என்ற கணக்கு அதற்கில்லை. கூடம் முழுவதும் மனித இதயத்துடிப்பின் ஒலி. குளிர்காலத்தில் அக்கூடத்தைச் சூடேற்ற வேண்டாம் என்றும் கலைஞர் கேட்டுக்கொண்டார். படைப்பின் பெயர் 'பெர்சோன்'. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு 'மனிதர்கள்' என்றும் பொருள். 'ஒருவருமில்லை' என்றும் பொருள்.

போல்தான்ஸ்கி 1944இல் பாரிசில் பிறந்தவர். நாட்சிப் படையினர் அந்நகரை ஆண்டபோது, யூதரான அவருடைய தந்தை தம் வீட்டுத் தரைக்கு அடியிலே ஒளிந்து உயிர் பிழைத்தவர். இப்பொழுது அந்தத் துணிக் குவியலை மீண்டும் பாருங்கள். ஒவ்வொரு சட்டைக்குள்ளும் ஓர் உடல் இருந்தது என்பது விளங்குகிறதா? இன்னும் சிரிப்பு வருகிறதா?

அதே வேளையில், பாரிசின் தெற்குப் புறநகரான வித்ரியில் உள்ள மாக்வால் அருங்காட்சியகத்திலும் அவருடைய கண்காட்சி நடைபெற்றது. 1950க்குப் பிந்திய பிரெஞ்சுக் கலைக்கென்று 2005இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அது. இத்தகைய இடங்களில் தூரிகை ஓவியங்களோடு துணி, கம்பி, நிழற்படம், ஒலி, பழம்பொருள் ஆகியவை கலந்த கலப்பு ஊடகப் படைப்புகளையும் காணலாம்.

"இதை என் பிள்ளையே செய்வானே! இதில் கைத்திறன் எங்கே?" என்பது வழக்கமான வாதம். இது புதிய வாதமும் அன்று. 1912இல் பாரிசில் பிக்காசோ தம் ஓவியத்தில் பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஒட்டினார்; சட்டத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் கயிற்றைக் கட்டினார். அதே ஆண்டு ஜார்ஜ் பிராக் மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். பிராக் வீடுகளுக்கு வண்ணமடிக்கும் தொழிலைக் கற்றவர். மரவரியைத் தூரிகையால் அச்சு அசலாக வரையத் தெரிந்தவர். தெரிந்தும் தாளை ஒட்டினார் என்றால் அது திறமைக் குறைவா? அன்று, அவர் தேர்ந்தெடுத்த வழி. நாம் வகுப்பறையில் சொல்லும் 'கொலாஜ்' என்ற சொல்லும் 'ஒட்டுதல்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே. அவர்கள் மரபின் பெயரைப் பாடத்தில் வைத்துக்கொண்டு அவர்களையே எள்ளி நகையாடுவது முறையாகுமா?

பிரான்சு அருங்காட்சியகங்களில் உள்ளவை அனைத்தும் உயர்ந்தவை என்று நான் வாதிடவில்லை. வெறும் விளம்பரத்திற்காகவும் விலைக்காகவும் செய்யப்பட்டவையும் உண்டு. அவற்றை இனம் காண ஒரே கேள்வி போதும்: "ஏன் இந்தப் பொருள்?"

அனெத் மெசஜே என்ற பெண் கலைஞர் 1971, 72ஆம் ஆண்டுகளில் இறந்த சிட்டுக்குருவிகளைப் பாடம் செய்து, அவற்றுக்குக் கம்பளி நூலில் சின்னஞ்சிறு உடைகள் பின்னி அணிவித்தார். ஏன் கம்பளி? குழந்தைக்குத் தாய் பின்னும் உடை அது. உயிரற்ற குருவிக்கு அது அணிவிக்கப்படும்போது, அன்பும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. வண்ணத்தால் இதைச் சொல்ல இயலாது. அர்மான் கண்ணாடிப் பெட்டிகளில் குப்பையை நிரப்பிக் காட்டினார். ஏன் குப்பை? வாங்கி வாங்கி எறியும் வாழ்க்கையை வேறு எதைக் கொண்டு காட்டுவது? கேள்விக்கு விடையுண்டு. விடை சொல்ல இயலாத படைப்பு எந்த அருங்காட்சியகத்தில் இருந்தாலும் தள்ளத்தக்கதே.

இப்பொழுது அதே கேள்வியை நம் வகுப்பறைக்குக் கொண்டு வருவோம்.

நம் தொடக்கப்பள்ளிக் காட்சிக்கலைப் பாடத்தில் கொலாஜ் உண்டு, மொந்தாஜ் உண்டு. என்ன நடக்கிறது? அச்சிட்ட மயில் படத்தை ஆளுக்கொன்று கொடுக்கிறோம். கழுத்துக்குப் பச்சைப்பயறு, தோகைக்கு வண்ணத்தாள். முப்பது மாணவர்களுக்கும் ஒரே மயில். ஏன் பச்சைப்பயறு? "டீச்சர் கொண்டு வரச் சொன்னார்." இதுதான் விடை! வீட்டிலோ, போட்டி என்றால் பெற்றோரே ஒட்டி முடித்துப் பிள்ளையின் பெயரை எழுதி அனுப்புகின்றனர். பொருளற்ற பொருள் ஒட்டு வேலை நடப்பது பாரிசிலா, நம் அறிவிப்புப் பலகையிலா?

"நேரம் இல்லை, பாடத்திட்டம் முடிய வேண்டும்" என்பீர்கள். நானும் அந்த அட்டவணைக்குள் உழல்பவன்தான். ஆனால், "ஏன் இந்தப் பொருள்?" என்று கேட்க எத்தனை நிமிடம் ஆகும்? பாட்டி உடுத்திய சேலையின் ஒரு துண்டு, அப்பா வேலைக்குச் சென்ற பேருந்துச் சீட்டு, அறுந்துபோன காலணி வார் — இவற்றைப் பிள்ளை கொண்டு வந்து, ஏன் கொண்டு வந்தேன் என்று தமிழில் நான்கு வாக்கியம் சொல்லட்டும். கலையும் வளரும், வாய்மொழியும் வளரும். செலவு ஒரு காசுமில்லை.

புரியாததைக் கண்டவுடன் சிரிக்கும் பழக்கம் பிள்ளைகளுக்குப் பிறவியில் வருவதன்று; நம்மைப் பார்த்தே வருகிறது. இன்று துணிக் குவியலைக் கண்டு சிரிக்கக் கற்றவன், நாளை தனக்குப் புரியாத கவிதையையும், பிறமொழியாளர் வழிபாட்டையும், தன்னோடு பயிலும் மெதுவான மாணவனையும் கண்டு சிரிப்பான். அப்பொழுது அவனைக் கண்டிக்க நமக்கு என்ன தகுதி இருக்கும்?

ஆகவே, அத்தகைய படம் அடுத்த முறை கைப்பேசிக்கு வந்தால், அதைப் பிள்ளையிடம் காட்டுங்கள். "இது யாருடைய சட்டையாக இருக்கும்?" என்று கேளுங்கள். பிறகு வாய் திறவாமல் காத்திருங்கள். பிள்ளை பேசும்.

சிந்திப்போம், செயற்படுவோம்.