கதவிலக்கம் தெரிந்தால் போதுமா?

இராஜபாளையத்திற்கு எழுதும் கடிதத்தில் 626117 என்றும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுதும் கடிதத்தில் 626125 என்றும் குறிக்கிறோம். முதலில் நிற்கும் 6 தமிழகம், கேரளம் முதலியவை அடங்கிய மண்டலத்தைக் காட்டும். முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் பிரிக்கப்படும் வட்டாரத்தையும், கடைசி மூன்று உரிய அஞ்சலகத்தையும் காட்டும். 1972 ஆகஸ்ட் 15 முதல் இவ்வேற்பாடு இருந்து வருகிறது. கடிதத்தைப் பிரிப்பவர் உறையைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

இணையவழி மின்னஞ்சலிலும் இத்தகைய பிரிப்பு வேலை உண்டு. நம் பகுதிக் கல்லூரிகளில் கணினிக் கல்வி பயிலும் பிள்ளைகள் இதை 'யு.ஆர்.எல். ரவுட்டிங்' என்பார்கள். திரையின் மேலே தெரியும் முகவரியில் 'கடிதம்/45' என்று வந்தால் 45ஆம் கடிதத்தைக் காட்ட வேண்டும். 'கடிதம்/புதிது' என்று வந்தால் எழுதுவதற்கு வெற்றுத் தாளை விரிக்க வேண்டும். இதற்கான விதிகளை நிரல் எழுதுபவர் வரிசையாக அமைக்கிறார். பல மென்பொருள்களில் இவ்விதிகள் மேலிருந்து கீழாகவே பார்க்கப்படும். 'கடிதம்/ஏதேனும் ஓர் எண்' என்னும் பொதுவிதியை, எண்தானா என்று சோதிக்காமல் முதலில் வைத்துவிட்டால், 'புதிது' என்பதையும் ஒரு கடிதத்தின் எண்ணாகக் கருதித் தேடிவிட்டுக் கணினி கைவிரித்துவிடும். சிறப்புவிதி முன்னே நிற்க வேண்டும். (தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இச்சொற்கள் புதியவையல்ல.)

இதுவரை எளிது. இனிதான் கவனம் தேவை.

சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று தொடங்கிய ஹாட்மெயில், 1997 இறுதியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வசமாயிற்று. 2001ஆம் ஆண்டில் அதில் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. தம் கணக்கில் முறைப்படி நுழைந்த ஒருவர், முகவரி வரியில் மற்றொருவரின் பயனர் பெயரையும், அவருக்கு வந்த கடிதத்தின் எண்ணையும் பொருத்தி எழுதினால், அக்கடிதம் கண்முன் விரிந்தது! மற்றவருடைய கடவுச்சொல் தேவைப்படவே இல்லை. வழிகாட்டும் விதி தன் பணியைச் சரியாகவே செய்தது. "கேட்பவர் இதற்கு உரியவர்தாமா?" என்ற வினாதான் எழுப்பப்படவில்லை.

ஒரு வீட்டின் கதவிலக்கம் தெரிந்திருப்பது உள்ளே நுழைவதற்கான அனுமதியாகாது. ஸலாம் கூறி, மறுமொழி கிடைத்த பிறகே நுழைய வேண்டும் என்று சிறு பிள்ளைகளுக்கே கற்பிக்கிறோம். வளைகுடாவிலிருந்து கணவர் எழுதும் கடிதமும், சம்பந்தம் பேசும் செய்தியும், மருத்துவ அறிக்கையும் தங்கும் பெட்டியல்லவா இது? அனைத்தும் அமானிதம்.

ஊகிக்க முடியாத நீண்ட எண்களைக் கடிதங்களுக்கு இடுவது நல்லதுதான். ஆனால் அது பூட்டுக்கு ஈடாகாது. ஒவ்வொரு முறையும் உரியவரைச் சோதிப்பதே பூட்டு. கடவுச்சொல்லை முகவரி வரியில் இடம்பெறச் செய்யவே கூடாது. பொதுக் கணினியாயின், அடுத்து அமர்பவர் பழைய முகவரிகளின் பட்டியலில் அதைக் கண்டுகொள்வார்.

இத்துறையில் பயிலும் பிள்ளைகள் இரண்டு கணக்குகளைத் தொடங்கி, ஒன்றின் கடித முகவரியை மற்றதில் இட்டுப் பார்க்கட்டும். அப்போது "உமக்கு அனுமதியில்லை" என்று விடை வருவதைவிட, "அப்படியொரு கடிதம் இல்லை" என்று வருவதே மேல். முன்னது, கடிதம் இருப்பதையே காட்டிக்கொடுத்துவிடும்.