ஒற்றை மரபணுவை நம்பலாமா?

'எதிர்ப்பு ரகம் வந்துடுச்சு, இனி கவலையில்லை' என்பவர்கள் அமெரிக்க சோயா வயல்களின் கதையைக் கேட்க வேண்டும். 1950-களில் ஒஹையோ, இண்டியானா களிமண் நிலங்களில் சோயா செடிகள் வேரழுகி, தண்டு பழுப்பேறி மடிந்தன. காரணம், பைட்டோப்தோரா என்ற கிருமி. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும், பூஞ்சை இல்லை. தண்ணி தேங்கினால் இதன் வித்துகள் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். இல்லாவிட்டால் மண்ணிலேயே பல வருசம் காத்துக் கிடக்கும்.

விஞ்ஞானிகள் எதிர்ப்பு மரபணுவைத் தேடிப்பிடித்து ரகங்களில் சேர்த்தார்கள். ஒரே மரபணு லட்சக்கணக்கான ஏக்கரில் பரவியதும், கிருமி அதை மீறப் பழகிவிட்டது. ஒரு மரபணு தாக்குப்பிடிப்பது சுமார் 8 முதல் 15 வருசம்தான். பிறகு அடுத்ததைத் தேட வேண்டும்.

பல மரபணுக்கள் சேர்ந்து தரும் எதிர்ப்பு வேறு மாதிரி. நோயை முழுசா நிறுத்தாது, ஆனா மெதுவாக்கும், சுலபமா உடையாது. ஒரே குறை, முதல் இலைகள் விரிந்த பிறகுதான் அது வேலை செய்யும். அதுவரை இளங்கன்றைக் காப்பது வடிகாலும், பயிர் சுழற்சியும், விதைக்கிற நேரமும்தான். ரசாயன விவசாயி அந்த இடைவெளியை விதையில் பூசிய மருந்தால் அடைக்கிறார். நமக்கு அந்த வழி வேண்டாம்.

அப்படியென்றால், மருந்து பூசாத விதையை ஈர நிலத்தில் விதைத்துத் தேர்ந்தெடுத்த ரகங்கள்தான் நமக்குத் தேவை. அதை ஆராய்ச்சி நிலையங்களிடம் நாம்தான் கேட்க வேண்டும். எந்தப் பயிரானாலும் 'எதிர்ப்பு இருக்கா?' என்று மட்டும் கேட்காதீங்க. 'மருந்து பூசாம சோதிச்சீங்களா?' என்றும் கேளுங்க.