வலி நின்றால் போதுமா?

உழவருக்கு நிலம் எப்படியோ, கால்பந்து ஆட்டக்காரருக்குத் தொடை அப்படி. தொடையின் பின்புறத்தில் இடுப்பிலிருந்து முழங்காலைக் கடந்து இறங்கும் மூன்று தசைகளைத்தான் ஆட்டக்காரர்கள் ‘ஹாம்ஸ்ட்ரிங்’ என்கிறார்கள். முழு வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசப்பட்ட காலைத் தரையில் ஊன்றுவதற்கு முன் பிடித்து அடக்குவது இவற்றின் வேலை. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் இழை அறுகிறது.

வலி சில வாரங்களில் நின்றுவிடும். “குணமாகிவிட்டது, ஆடலாம்” என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு தவறானது என்பதே என் வாதம்.

கணக்கைப் பாருங்கள். ஐரோப்பாவின் முன்னணிக் குழுக்களின் காயங்களை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் ஆய்வு ஒன்று ஆண்டுதோறும் பதிந்து வந்திருக்கிறது. எல்லாக் காயங்களிலும் ஹாம்ஸ்ட்ரிங் காயத்தின் பங்கு 2001-02-ல் நூற்றுக்கு 12; 2021-22-ல் நூற்றுக்கு 24. மருத்துவ வசதியும் பெருகிற்று, காயமும் பெருகிற்று! இக்காயங்களில் நூற்றுக்கு 18 பழைய காயம் மீண்டும் வந்தவை. அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை, ஆட்டக்காரர் களத்துக்குத் திரும்பிய இரண்டே மாதங்களுக்குள் நேர்ந்தவை.

காரணம் தசைக்குள் இருக்கிறது. அறுந்த இடத்தில் தழும்புத் திசு வளர்கிறது; அது தசையைப் போல் சுருங்கி விரியாது. முன்பு காயம்பட்ட தசையில் இழைக்கற்றைகள் குட்டையாக இருப்பதையும், நீளும் நிலையில் அது காட்டும் வலிமை குறைந்திருப்பதையும் ஆய்வாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். வலி போன பிறகும் இந்தக் குறைகள் தங்கிவிடக்கூடும்.

ஆஸ்திரேலியாவில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 152 பேரை ஆட்டப் பருவம் தொடங்குமுன்பே அளந்து, பிறகு தொடர்ந்து கவனித்தார்கள். 2016-ல் வெளிவந்த முடிவு இது: இழைக்கற்றை 10.56 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களுக்குக் காயம்படும் அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு. நீளும் நிலை வலிமை 337 நியூட்டனுக்குக் குறைந்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே கதிதான். ஆனால் பழைய காயம் உள்ளவர்களானாலும், இழை நீண்டும் வலிமை மிகுந்தும் இருந்தால் அபாயம் குறைந்தது. ஆகவே பழைய காயம் தலைவிதியாகிவிடாது. அளந்து பார்த்துச் சீர்செய்யக்கூடிய குறை அது.

“காயம்பட்டும் புகழ் பெற்றவர்கள் இல்லையா?” என்று கேட்கலாம். இருக்கிறார்கள். இங்கிலாந்தின் மைக்கேல் ஓவனுக்கு 1999 ஏப்ரலில், 19 வயதில், லீட்ஸ் குழுவுடன் ஆடியபோது ஹாம்ஸ்ட்ரிங் அறுந்தது. 2001-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப்பந்து விருதை அவர் பெற்றார். ஆயினும் அந்தக் காயத்துக்குப் பின் தாம் பழைய ஓட்டக்காரராக இல்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். விருது நம் கண்ணில் படுகிறது. இழந்த வேகம் அவருக்கு மட்டுமே தெரிகிறது.

மருந்து எளியது. மண்டியிட்டு அமர்ந்து, தோழர் ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடித்திருக்க, உடலை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்புறம் சாய்க்க வேண்டும். நார்டிக் பயிற்சி என்பது இதுதான். 2011-ல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில் 942 ஆட்டக்காரர்கள் பங்கு பெற்றார்கள். பயிற்சி செய்த பிரிவில் 15 காயங்கள். செய்யாத பிரிவில் 52. முன்பே காயம்பட்டவர்களுக்குப் பயன் இன்னும் மிகுதி. அப்படியிருந்தும் சாம்பியன்ஸ் லீக் குழுக்களில் பெரும்பாலானவை இதை முறையாகக் கைக்கொள்ளவில்லை என்று 2015-ல் ஓர் ஆய்வு காட்டிற்று. கோடி கோடியாய்க் கொடுத்து ஆட்டக்காரரை வாங்குவோர், காசு கேட்காத பயிற்சிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கத் தயங்குவது விந்தையல்லவா?

நண்பர்களே! அவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி நெருங்கிவிட்டால் நம் விடுதிகளிலும் இதே குரல்தான்: “இந்த ஒரு ஆட்டம் மட்டும் ஆடிக் கொடு தம்பி.” நட்பின் பேரால் கேட்பதால் மறுக்க முடியாமல் அவன் இறங்குகிறான். கோப்பை நம் அலமாரிக்கு வரும். காயம் அவனோடு ஊருக்குப் போகும்.

நம் குழுத் தலைவர்களிடம் நான் கேட்பது இரண்டு. வாரம் இருமுறை இந்தப் பயிற்சியை எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். காயம்பட்டவனின் இரு கால்களின் வலிமையையும் உடற்பயிற்சி மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்து, முழு வேகத்தில் ஓடவிட்டுச் சோதித்த பின்னரே அவன் பெயரைப் பட்டியலில் எழுதுங்கள். அதுவரை அவனுடைய இடத்தில் வேறொருவன் ஆடட்டும்.