வீடு போய்ச் சேர்ந்தானா?

என் அத்தைக்கு வயது 82. கண் பார்வை சற்று மங்கல். காது மட்டும் கூர்மை. சென்ற மாதம் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டுப் போனாள். வந்த இரண்டாம் நாளே என்னுடைய ரகசியம் ஒன்று அவளிடம் அகப்பட்டுவிட்டது.

என்ன ரகசியம் என்கிறீர்களா? பயப்படாதீர்கள். மத்தியானம் சமையற்கட்டை ஒழித்துவிட்டு, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நான் 'ராக்' சங்கீதம் கேட்பது வழக்கம். இன்று நேற்றல்ல, 35 வருஷமாக! கல்லூரியில் படித்தபோது ஒரு தோழி கொடுத்த காஸெட்டினால் பிடித்த பைத்தியம். கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, தலை நரைத்த பிறகும் தெளியவில்லை.

"என்னடி இது? தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி இருக்கிறதே!" என்றாள் அத்தை.

உங்களில் சிலருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆகையால் முதலில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தில் முழங்கும் கிதார், அதற்கு அடிநாதமாகப் 'பேஸ்' கிதார், டிரம்ஸ், பாட ஒரு குரல்: ராக் கோஷ்டிக்கு மூலதனம் இவ்வளவுதான். 1960, 70களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பீட்டில்ஸ், லெட் ஸெப்பெலின், பிங்க் ஃபிளாய்ட் போன்றவர்கள் வாசித்ததை இப்போது 'கிளாசிக் ராக்' என்கிறார்கள். 1980களில் பெரிய கம்பெனிகளின் தயவை எதிர்பாராமல், சின்னக் கம்பெனிகளின் இசைத்தட்டுகளையும் கல்லூரி ரேடியோக்களையும் நம்பி வளர்ந்த கோஷ்டிகளின் பாட்டுக்கு 'ஆல்டர்னேடிவ்', அதாவது மாற்று ராக் என்று பெயர். பாட்டி கை ரசத்துக்கும் பேத்தி கை ரசத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். புளி ஒன்றுதான்; பக்குவம் வேறு.

அத்தைக்காகச் சாந்தமான ஒன்றைத் தேடி எடுத்தேன். பிங்க் ஃபிளாய்ட் கோஷ்டியின் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'. மொத்தம் சுமார் 26 நிமிஷம் ஓடும் பாட்டு. அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இசைத்தட்டின் ஆரம்பத்திலும் மறு பாதியை முடிவிலும் வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் யாரும் பாடுவதில்லை. விடியற்காலைப் பனி மாதிரி ஒரு நாதம் பரவும். பிறகு கிதாரில் நாலே நாலு ஸ்வரம். யாரோ வாசலில் நின்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருக்கும்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "யாரையோ தொலைத்துவிட்டு அழுகிறார்கள் போலிருக்கிறதே?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் விஷயம் அதுவேதான்!

தொலைந்துபோனவரின் பெயர் சிட் பாரெட். கேம்பிரிட்ஜ் நகரத்தில் 1946ல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ரோஜர். 'சிட்' என்பது ஊரார் வைத்தது. தகப்பனார் டாக்டர்; பையனுக்குப் பதினாறு வயது நிரம்புவதற்குள் காலமாகிவிட்டார். தாயார் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தினாள். பிள்ளை லண்டனுக்குச் சித்திரம் படிக்கப் போனான். போன இடத்தில் சங்கீதம் பிடித்துக்கொண்டது. பிங்க் ஃபிளாய்ட் என்று கோஷ்டிக்குப் பெயர் வைத்தவர் அவர். பாட்டு எழுதியவர், முன்னால் நின்று பாடியவர் எல்லாம் அவரே. 1967ல் வெளிவந்த 'சீ எமிலி ப்ளே' என்ற பாட்டு இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் ஆறாவது இடத்துக்கு ஏறியது. பார்க்கவும் ராஜகுமாரன் மாதிரி இருப்பார்.

அந்த வருஷமே எல்லாம் குலைந்தது. எல்.எஸ்.டி. என்ற போதை மருந்து அந்நாளில் லண்டன் வாலிபர்களிடையே தாராளமாகப் புழங்கியது. அதுதான் காரணமா, உள்ளே ஏற்கெனவே ஏதோ நோய் இருந்ததா என்பதில் இன்றைக்கும் ஆளுக்கொரு அபிப்பிராயம். மேடையில் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்காமலே நிற்பார். அல்லது ஒரே சுருதியைத் தட்டிக்கொண்டே இருப்பார். உதவிக்கு டேவிட் கில்மோர் என்ற பால்ய நண்பரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1968 ஜனவரியில் ஒரு நாள், கச்சேரிக்குக் காரில் போகும்போது, "சிட்டை அழைத்துக்கொண்டு போகலாமா?" என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒரு வீட்டு வாசலில் கார் நிற்காமல் போயிற்று.

ஏழு வருஷத்துக்குப் பின், 1975 ஜூன் மாதம், லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவு நிலையத்தில் அவரை நினைத்துச் செய்த அந்தப் பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்தது. தலையும் புருவமும் மழித்த ஒரு பருத்த மனிதர் உள்ளே வந்து நின்றார். யாரோ சிப்பந்தி என்று எண்ணினார்கள். அது சிட் என்று தெரிந்துகொள்ளச் சிறிது நேரமாயிற்று. அப்போது அவருக்கு வயது 29தான். கோஷ்டியின் ரோஜர் வாட்டர்ஸ் கண்ணீர் விட்டார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்துவதுதான் ரசிகர்களின் வழக்கம். 35 வருஷமாக நானும் இங்கேதான் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பாட்டைப் போடுவேன். சோகத்திலும் ஒரு ருசி இருக்கிறது, பாருங்கள்!

அத்தை விடவில்லை. "அதெல்லாம் சரி. அந்தப் பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தானா?" என்று கேட்டாள்.

சகோதரிகளே, இந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பாட்டு என்ன ஆயிற்று, இசைத்தட்டு எத்தனை விற்றது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. பிள்ளை என்ன ஆனான் என்பதைப் படித்திருந்தும் மனசில் வாங்கிக்கொள்ளவில்லை.

வீடு போய்ச் சேர்ந்தார். 1980களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜுக்கே, தாயாரிடமே திரும்பிவிட்டார். அங்கே மறுபடியும் ரோஜர் ஆனார். தோட்டம் போட்டார், சைக்கிளில் கடைக்குப் போய்வந்தார், படம் எழுதினார், எழுதிய படத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, படத்தை அழித்துவிடுவாராம். தாயார் 1991ல் காலமான பிறகு சகோதரி வந்து பார்த்துக்கொண்டாள். பழைய பாட்டுகளுக்குரிய பங்குப் பணம் அவருக்குத் தவறாமல் போய்ச் சேரும்படி கில்மோர் கவனித்துக்கொண்டார். 2006 ஜூலை 7ந் தேதி, தமது அறுபதாவது வயதில், கான்சர் நோயால் இறந்தார்.

"அப்படியானால் நிம்மதியாக இருந்திருக்கிறான்" என்றாள் அத்தை.

"எங்கே இருக்க விட்டார்கள்? ரசிகர்கள் தேடிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவார்களாம். பத்திரிகைக்காரர்கள் ஒளிந்திருந்து போட்டோ எடுப்பார்களாம்" என்றேன். இன்னொன்றும் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜ் போக ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் அந்தக் கதவை நானும் தட்டவேண்டும் என்று பல வருஷம் மனக்கோட்டை கட்டியிருந்தேன். "இன்னும் ஒரே ஒரு பாட்டு" என்று கேட்க ஆசை!

மறுநாள் அத்தை தானாகவே வந்து உட்கார்ந்தாள். "இன்றைக்கு யார்?" என்றாள்.

நிர்வாணா கோஷ்டி என்றேன். பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். பௌத்தர்கள் சொல்லும் நிர்வாணம், விடுதலை என்று பொருள். அமெரிக்காவின் மேற்குக் கோடியில், மரம் அறுக்கும் ஊரான அபர்டீனில் 1967ல் பிறந்த கர்ட் கோபேன் என்ற இளைஞர் 1987ல் ஆரம்பித்தது. 1991ல் வந்த 'நெவர்மைண்ட்' என்ற இசைத்தட்டு, 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்ஸனையே இறக்கிவிட்டு அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. மாற்று ராக் மூலையிலிருந்து முற்றத்துக்கு வந்தது அன்றைக்குத்தான்.

இவருக்கும் வீட்டுக் கதை உண்டு. ஒன்பது வயதில் பெற்றோர் விவாகரத்து. பிறகு உறவினர் வீடு, சிநேகிதர் வீடு என்று அலைச்சல். புகழ் வந்தபோது அதுவே பாரமாயிற்று. தீராத வயிற்று வலி, ஹெராயின் என்ற விஷம் வேறு. 1993 நவம்பரில் நியூயார்க்கில் டெலிவிஷனுக்காக நடந்த கச்சேரிக்கு மேடையில் லில்லிப் பூவும் கறுப்பு மெழுகுவர்த்தியும் வைக்கச் சொன்னாராம். சவ ஊர்வலத்துக்குச் செய்கிற மாதிரியா என்று கேட்டதற்கு, ஆம் என்றாராம். கச்சேரி அபாரம். நாங்கள் எல்லோரும் பாட்டை மெச்சினோம். பூவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஒருவர் பார்த்தார். ஆர்.இ.எம். என்ற கோஷ்டியின் பாடகர் மைக்கேல் ஸ்டைப். "வா, இருவரும் சேர்ந்து ஒரு பாட்டுச் செய்வோம்" என்று விமான டிக்கெட்டும் அனுப்பி, அழைத்துவரக் காரும் அனுப்பினார். பாட்டு ஒரு சாக்கு; ஆளை அந்த வீட்டை விட்டு வெளியே கொண்டுவருவதுதான் எண்ணம். கார் மணிக்கணக்காக வாசலில் நின்றது. அவர் வெளியே வரவில்லை. 1994 ஏப்ரல் 5ந் தேதி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 27. வீட்டில் இரண்டு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை.

அத்தை வெகு நேரம் பேசவில்லை. "கார் அனுப்பினானே, அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்" என்றாள் கடைசியில்.

அந்தப் பிள்ளையின் கோஷ்டியைப் பற்றித்தான் மூன்றாம் நாள் பேச்சு. ஆர்.இ.எம். 1980ல் அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாகாணத்து ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் பிறந்தது. நாலு பேர். யார் எழுதினாலும் எல்லாப் பாட்டிலும் நாலு பேர் பெயரும் போடுவது, வருமானத்தைச் சமமாகப் பிரிப்பது என்று ஆரம்பத்திலேயே ஏற்பாடு செய்துகொண்டார்கள். பாகப்பிரிவினைச் சண்டை போடுகிற குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம்!

அவர்களுடைய 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' (1992) என்ற பாட்டைப் போட்டேன். மனமொடிந்த இளைஞர்களைப் பார்த்து, பொறுத்திரு, எல்லோருக்கும் வலி உண்டு என்று சொல்லும் பாட்டு. இதில் ஒரு வேடிக்கை. பாட்டின் பெரும் பகுதியை உண்டாக்கியவர் கோஷ்டியின் டிரம்ஸ் வித்வான் பில் பெரி. ஆனால் பாட்டில் பெரும்பாலும் தாளம் போடுவதோ ஒரு சின்ன யந்திரம்! பின்னணி வயலின்களை அமைத்துக் கொடுத்தவர் பழைய லெட் ஸெப்பெலின் கோஷ்டியின் ஜான் பால் ஜோன்ஸ். பாட்டி கை ரசமும் பேத்தி கை ரசமும் கலந்த இடம் இது.

1995 மார்ச் 1ந் தேதி, ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்துக் கச்சேரியில் பில் பெரி மேடையிலேயே சாய்ந்தார். மூளையில் ரத்தக் குழாய் வீங்கிக் கசிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தார்கள், பிழைத்தார். சில மாதங்களில் மறுபடி வாசிக்கவும் வாசித்தார். ஆனால் 1997 அக்டோபரில், "போதும், நான் ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: தாம் போவதால் கோஷ்டி கலையும் என்றால் போகமாட்டார். மற்ற மூவரும் கலைக்கவில்லை. மூன்று கால் நாயும் நாய்தான், வேறு விதமாக ஓடக் கற்றுக்கொள்ளவேண்டும், அவ்வளவே என்று ஸ்டைப் சொன்னார். பெரி ஏதென்ஸுக்குப் பக்கத்தில் நிலத்தில் புல் வளர்த்து, வைக்கோல் அறுத்து விற்கும் விவசாயி ஆனார்.

அன்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! உலகமெல்லாம் கொண்டாடுகிற வித்வானுக்கு வைக்கோல் எதற்கு? என்ன நன்றிகெட்ட மனுஷன்! அடுத்த இசைத்தட்டு வந்தபோது, "தாளமே சரியில்லை" என்று வீட்டில் எல்லோரிடமும் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அத்தை சிரித்தாள். "அவன் உனக்கு என்னடி கடன் பட்டிருக்கிறான்? பாடினான், கேட்டாய். இருந்தால்தானே அவன் பெண்டாட்டிக்கும் அம்மாவுக்கும் பிள்ளை!" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குள் ஒடுங்கிவிட்டவரின் கதவைத் தட்ட ஆசைப்பட்டேன். மேடையில் செத்துக்கொண்டிருந்தவரின் பாட்டுக்குக் கைதட்டினேன். பிழைத்து ஊருக்குப் போனவரைத் திட்டினேன். ரசிகை என்று மார்தட்டிக்கொள்ள இது லட்சணமா?

ஆர்.இ.எம். 2011ல் சச்சரவில்லாமல் கலைந்தது. 2024 ஜூன் மாதம் நியூயார்க்கில் பாட்டெழுதுகிறவர்களைக் கௌரவிக்கும் விழா ஒன்றில் நாலு பேரும் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு வாசித்தார்கள். அவர்களோடு தலை நரைத்த பில் பெரி. அந்தக் காட்சியை அத்தைக்குப் போனில் காட்டினேன். "இவனா வைக்கோல்காரன்? முகம் தெளிவாக இருக்கிறது" என்றாள். ஒரு பாட்டோடு எழுந்து போய்விட்டார்கள். முதல் தடவையாக, இன்னொன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் வீட்டிலும் நன்றாகப் பாடுகிற பெண் இருக்கலாம், வகுப்பில் முதலாக வருகிற பையன் இருக்கலாம். வந்தவர்கள் முன்னால், "இன்னும் ஒன்று, கண்ணு" என்று நாமும் கேட்கிறோம். கேட்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டால் என்ன?

அத்தை ஊருக்குப் புறப்பட்ட அன்று, பெட்டியெல்லாம் கட்டி வாசலில் வைத்தாயிற்று. ஆட்டோ வரப் பத்து நிமிஷம் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, "அந்த வைக்கோல்காரன் பாட்டைப் போடு, கேட்டுவிட்டுப் போகிறேன்" என்றாள்.

போட்டேன். பாட்டு முடிகிறவரையில் ஆட்டோக்காரரும் நின்று கேட்டார்.