நெய்வேலிச் சீமையின் கொட்டைக்கன்றுப் பலா மரங்கள்

நெய்வேலி, பண்ணுருட்டி, விருத்தாசலம் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட செம்மண் பூமிக்குப் பலாவும் முந்திரியுமே பெருஞ்செல்வம். இவற்றுள் முந்திரி பிரேசில் தேசத்தினின்று போர்ச்சுக்கீசியர் வாயிலாக இந்நாட்டிற்கு வந்த விருந்தாளி. பலாவோ மேற்குத் தொடர்ச்சி மலையைப் பிறப்பிடமாக உடையது; இம்மண்ணுக்கே உரியது. அதன் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியே தோன்றுமாயினும், பெரும்பாலும் அயல் மரத்து மகரந்தம் கலந்தே காய் பிடிக்கின்றது. ஆதலின் ஒரு பழத்தின் கொட்டைகள் அனைத்தையும் ஊன்றி வளர்த்தாலும், தாய்மரத்தை முற்றிலும் ஒத்த மரம் ஒன்றேனும் கிடைப்பது அரிது. ஒன்றில் சுளை தடித்து உறுதியாயிருக்கும். மற்றொன்றில் குழைந்து கூழாய் வழியும். ஒன்று பங்குனியிலேயே பழுக்கும். மற்றொன்று ஆனி வரையில் தாமதிக்கும். மூன்றாவது ஒன்று, பழம் சிறியதாயினும் வறட்சி ஆண்டிலும் காய்ப்பில் குறையாது நிற்கும். பழ வியாபாரி இவ்வேற்றுமையைக் குறையென்று சொல்லுவான். பயிர் விருத்தி செய்வோனுக்கோ இதுவே மூலதனம்.

இம்மூலதனம் இப்பொழுது மூன்று வழிகளிற் கரைந்து வருகின்றது. முதலாவது, சுரங்கம். பழுப்பு நிலக்கரி எடுக்கும் நிறுவனம் 1956-ல் பதிவாகி, 1957-ல் சுரங்க வேலை தொடங்கிற்று. இது குழாயிறக்கிக் கரியை உறிஞ்சும் வேலையன்று. மேலுள்ள மண் முழுவதையும் வெட்டி அகற்றிய பின்னரே கரியை எட்டலாம். மண் போனால் அதன்மேல் நின்ற மரமும் போயிற்று. இரண்டாவது, புயல். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரையேறிய தானே புயல், கடலூர் ஜில்லாவில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவையும் முந்திரியையும் ஒரே காலைப்பொழுதில் வேரோடு சாய்த்தது. மூன்றாவது, ஒட்டுக்கன்று. இதைக் கேட்டுச் சிலர் வியப்புறலாம். ஒட்டுக்கன்று சீக்கிரம் காய்ப்பது. பழம் ஒரே மாதிரியாயிருப்பது. குடியானவன் அதை விரும்புவது முற்றிலும் நியாயம். எனினும் புயலில் விழுந்த நூறு மரங்கள் நூறு விதமானவை. அவற்றினிடத்தில் நட்ட நூறு ஒட்டுக்கன்றுகள் உண்மையில் ஒரே மரம். இவை போதாவென்று, முதிர்ந்த பலாவின் மஞ்சள் நிறக் கட்டைக்கு வீணையும் மிருதங்கமும் செய்வோரிடத்தில் நல்ல விலை கிடைப்பதால், கிழமரத்திற்குக் கோடரி எப்பொழுதும் அருகிலேயே காத்திருக்கின்றது.

குடியானவர் கொல்லையில் நிற்கும் பெயரறியாத மரம் ஒன்றினால் விளையும் பயனைத் தொலைவிற்சென்று தேடவேண்டியதில்லை. 1905-ல் நிறுவப்பெற்ற பாலூர் ஆராய்ச்சி நிலையம் 1992-ல் வெளியிட்ட பாலூர் 1 என்னும் பலா, பண்ணுருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்து நாட்டு மரத்தினின்று தெரிந்தெடுக்கப்பட்டது. விருத்தாசலம் நிலையத்தார் 1991-ல் வெளியிட்டு, இன்று தோப்புத் தோப்பாகக் காணப்படும் வி.ஆர்.ஐ. 3 முந்திரியும் இடையஞ்சாவடிக் கிராமத்து மரம் ஒன்றின் சந்ததியே. அம்மரங்களை அவற்றின் சொந்தக்காரர் ஓராண்டு முன்னதாக விறகுக்கு விற்றிருப்பாராயின், இவ்விரண்டு வகைகளும் இன்று இல்லை. எத்தனை மரங்கள் அவ்வாறு ஓராண்டு முன்னதாக விலையாயினவோ, அதற்குக் கணக்கில்லை.

வித்தின் வேற்றுமை குறுகிப்போன பயிர் என்ன கதிக்கு ஆளாகும் என்பதற்குக் காப்பியின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிந்த சான்று இல்லை. 1706-ல் ஜாவாத் தீவினின்று ஆம்ஸ்டர்டாம் நகரத்துத் தோட்டத்திற்கு ஒரு காப்பிச் செடி சென்றது. அதன் வழித்தோன்றல் 1714-ல் பாரிஸ் நகரத்தை அடைந்தது. அமெரிக்கக் கண்டத்துக் காப்பித் தோட்டங்களிற் பெரும்பகுதி இச்சிறு குடும்பத்தின் பரம்பரையே. அராபிகாக் காப்பி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. அதனால் வேற்றுமை புகுவதற்கும் இடமில்லாமற் போயிற்று. 1869-ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. ஒரு செடிக்கு வந்தது எல்லாச் செடிக்கும் வந்தது. சுமார் இருபது வருஷங்களுக்குள் மலைச்சரிவுகளிற் காப்பி களையப்பட்டுத் தேயிலை ஏறிற்று. தோட்ட முதலாளிகள் முறிந்தது யாவரும் அறிந்தது. அத்தோட்டங்களை நம்பித் தமிழ்நாட்டினின்று கால்நடையாய்ச் சென்ற தொழிலாளரின் கூலி நின்றதைப் பற்றி எழுதியவர் குறைவு.

அந்நோய்க்குப் பரிகாரம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் காப்பியின் உறவினரிடமிருந்தே வந்தது. பாலேஹொன்னூரில் 1925-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்திற் பிறந்த எஸ். 795 என்னும் வகையில், லைபீரியாக் காப்பியின் இரத்தம் கலந்துள்ளது. அராபிகாவும் ரொபஸ்டாவும் தாமாகவே கூடிய ஒரு கலப்புச் செடி டைமோர் தீவிற் கண்டெடுக்கப்பட்டது. அதன் சந்ததியில் வந்ததே 1985-ல் நம் நாட்டில் வெளியான காவேரி என்னும் வகை. பின்னர்த் துருவும் தன் தன்மையை மாற்றிக்கொண்டது. காவேரியின் எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்தது. ஆகவே உறவினர் வீட்டுக் கதவை ஒருமுறை தட்டினாற் போதாது. அடிக்கடி தட்ட நேரும். அப்பொழுது அவ்வீட்டில் ஆள் இருக்கவேண்டுமே!

அங்கேதான் கவலை. உலகிலுள்ள 124 காப்பி இனங்களில் நூற்றுக்கு 60 அழியும் நிலையில் உள்ளன என்று 2019-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. இவற்றுள் மடகாஸ்கர் தீவில் மட்டும் சுமார் 60 இனங்கள் உள. தமிழர் பலர் குடியேறி வாழும் மொரீஷியஸ், ரியூனியன் தீவுகளிலும் காட்டுக் காப்பிகள் உண்டு. ஆனால் மொரீஷியஸ் காடுகளிற் பெரும்பகுதி கரும்பிற்காக எப்பொழுதோ வெட்டப்பட்டது. கொமோரோ தீவுகளிற் பிறந்த ஓர் இனத்தில், தூக்கத்தைக் கெடுக்கும் கஃபீன் என்னும் சத்து இயற்கையிலேயே இல்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட காடுகளில் வளர்வதும், ராபர்ட் வைட் என்னும் தாவர நூலாரின் பெயரைத் தாங்கியதுமான இனம் ஒன்றுண்டு. நெல்லைக் காட்டுப் புதரிடையே அதைக் கண்டு காப்பியென்று அறிவார் சிலரே. தீவுத் தாவரத்திற்குப் பின்வாங்கிச் செல்ல வேறு நிலம் இல்லை. ஒரு மலைச்சரிவு அழிந்தால் இனமே அழிந்தது.

நெல்லையும் கேழ்வரகையும் போலக் காப்பி விதையை உலர்த்திக் குளிர்ச்சியில் நெடுங்காலம் சேமித்து வைத்தல் இயலாது. அதனாலேயே மடகாஸ்கரில் கியான்ஜவாட்டோ என்னுமிடத்தில் காட்டுக் காப்பிகளை உயிருள்ள செடிகளாகவே தோட்டத்தில் நட்டுக் காக்கின்றனர். பலாவின் நிலையும் இதுவே; இன்னும் கடுமையானது எனலாம். பலாக்கொட்டையை உலர விட்டால், ஒரு மாதத்திற்குள் முளைக்குஞ் சக்தி குன்றிவிடும். ஆகையால் விதைக் களஞ்சியத்தை நம்பி மரத்தை வெட்ட இடமில்லை. நிற்கும் மரமே அதன் வித்துப் பெட்டி. செம்மண் மேட்டில் சுரங்கத்திற்கும் புயலுக்கும் இடையே நிற்கும் பலாத் தோப்பும், ஒரு வகையில், கடல் சூழ்ந்த தீவே.

சுரங்கத்திற்காக நிலம் எடுக்கும்பொழுது மரத்தின் வயதையும், காய்ப்பையும், கட்டையின் மதிப்பையும் கணக்கிட்டு ஈடு கொடுக்கப்படுகின்றது. மரத்தின் குலத்திற்கு அக்கணக்கில் ஓர் இடமில்லை. சொந்தக்காரர் பணம் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அம்மரத்தை மீண்டும் விலைக்கு வாங்க எந்தச் சந்தையுமில்லை. ஆதலின் சுரங்கத்திற்கு எல்லை குறித்த நிலத்தில், வெட்டுமுன் சிறந்த மரங்களையும் விசேஷ குணமுள்ள மரங்களையும் குறித்து, அவற்றினின்று ஒட்டுக்குச்சி எடுத்து வேறிடத்திற் பெருக்குவதை ஒரு நிபந்தனையாகவே ஏற்படுத்துதல் வேண்டும். இதன் செலவு குடியானவன் தலையில் விழலாகாது. சோறு போடாத மரத்தைப் பிற்காலத்து ஆராய்ச்சிக்காகக் காத்திரு என்று அவனிடம் சொல்வது உபதேசம்; அதற்குரிய கூலியைக் கொடுப்பதே முறை. கர்நாடகத்தில் தும்கூர் ஜில்லாக் குடியானவர் ஒருவரின் செந்நிறச் சுளைப் பலாவுக்குச் சித்து என்று பெயரிட்டு, 2017-ல் ஒட்டுக்கன்று விற்க ஒப்பந்தம் செய்தபொழுது, வரும்படியில் நூற்றுக்கு 75 பங்கு மரத்துக்குரியவருக்கே சேரும்படி மத்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் ஏற்பாடு செய்தனர். இங்கும் அதைச் செய்யத் தடையொன்றும் தோன்றவில்லை. குடியானவர் தம் வகையைத் தம் பெயரிற் பதிந்துகொள்ள 2001-ஆம் ஆண்டின் தாவர வகைகள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் இடந்தருகின்றது.

செய்யும் வழி கடினமானதன்று. பழுக்குங் காலத்திலேயே மரத்தைப் பார்த்து, சுளையின் நிறம், உறுதி, இனிப்பு, பழத்தின் எடை, பழுக்கும் மாதம், மரத்தின் வயது, உடையவர் சொல்லும் வரலாறு ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர், பென்சில் பருமனுள்ள முற்றிய இளங்கிளைகளைத் தெரிந்து, இலைகளைக் காம்பு நிற்கக் கிள்ளிவிட்டுப் பத்து நாட்கள் சென்றபின் வெட்டி, ஈரத்துணியிற் சுற்றி அன்றைக்கே பண்ணைக்குக் கொண்டுபோய் மென்தண்டு ஒட்டுக் கட்டலாம். ஒரு மரத்திற்குப் பல கன்றுகள் வேண்டும்; அனைத்தையும் ஒரே இடத்தில் வைத்தலும் ஆகாது. தானே புயலைக் கண்ட பின்பும் கடற்கரை ஜில்லாவில் ஒரே தோட்டத்தை நம்புவது பேதைமை. பாலூரில் ஒரு வரிசையும், விருத்தாசலத்தில் ஒரு வரிசையும், பர்லியார் போன்ற மலையடிவாரத்துப் பழப் பண்ணையில் ஒரு வரிசையும் இருக்கலாம்.

கரியெடுத்து நிரப்பிய நிலத்திலும் மண்மேடுகளிலும் மரம் நடும் வேலை பல்லாண்டுகளாக நடந்து வருவதால், அங்கே ஒரு பகுதியைப் பலாவுக்கு ஒதுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஒதுக்கலாம், ஆனால் பலா நீர் தேங்கும் நிலத்தைப் பொறாது. வெட்டிக் கொட்டிய மண்ணில் சாரமும் இராது. மேல்மண்ணைத் தனியே சேமித்து வைத்து மீண்டும் பரப்பி, வடிகால் அமைத்த இடத்திலேயே நடவேண்டும். நகரத்து வீட்டு மனைகளிலும் பழந்தின்று எறிந்த கொட்டையினின்று முளைத்துப் பெரிதான பலா மரங்கள் உண்டு. அவற்றையும் கணக்கெடுப்பிற் சேர்ப்பது நலம்.

ஒட்டுக்கன்று நட்ட மூன்று நான்கு ஆண்டுகளிற் காய்க்கத் தொடங்கும். அப்பொழுது பழத்தைத் தாய்மரத்தின் குணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தாய்மரமோ அதற்குள் சுரங்கத்தின் வாயில் மறைந்திருக்கலாம். எனவே குறிப்பேட்டையும் இரண்டு இடங்களில் வைத்திருத்தல் அவசியம்.