கத்தியைத் தீட்டுகிறோம், காலைப் பார்க்கிறோமா?

தோட்டத்துத் தோழர்களே!

பால்வெட்டுக் கத்தி மழுங்கினால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கால் போனால் என்ன செய்வோம்?

2019இல் அரசாங்கம் எடுத்த சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஏறத்தாழ மூவரில் ஒருவர்! இந்த நோயில் நாளடைவில் காலில் உணர்ச்சி மங்கும். ரத்த ஓட்டம் குறையும். முள் குத்தினாலும் தெரியாது. புண்ணும் லேசில் ஆறாது.

ஆகவே, வேலை விட்டு வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைப்போம். அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்போம். கண் மங்கியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். பூட்ஸை உதறிவிட்டு மாட்டுவோம். சுடுநீர் ஒத்தடமும், கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும் கூடவே கூடாது.

புண் கண்டால் மஞ்சள் வைத்துக்கொண்டு உட்காராமல், தோட்டத்து டாக்டரிடமோ தாப்பா அரசாங்கக் கிளினிக்கிலோ உடனே காட்டவேண்டும். "ஒருநாள் சம்பளம் போயிடுமே" என்று பயப்படுகிறோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. தந்தால் சம்பளத்தோடு லீவு உண்டு. சேவைக்கேற்ப ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்திடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அது சலுகையல்ல, நம் உரிமை. உரிமையை விட்டுக்கொடுத்துக் காலை இழக்க வேண்டாம்.